கள்வனைக் காதலித்தவள்

நவி மும்பை ஐரோலியில் எங்கள் பக்கத்துக் கட்டடத்து அக்கா தாராவியில் பிறந்து வளர்ந்தவர். மகனுக்கு மைண்ட்ஸ்பேஸ் அலுவலக வளாகத்தில் வேலை கிடைத்ததும் இங்கே குடிவந்தபோது, பரணிலிருந்த பாக்கெட் நாவல்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா. துருவேறிய ஸ்டேப்ளர் பின், பழுத்த தாள், சிலவற்றில் ஏதோ வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை.

“கொலகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிரும்ல. இவுக ரெண்டு பேரும் சேருவாகளா மாட்டாகளான்னுதான் அடுத்த புக்கை எடுக்கேன்” என்றார். கொலையும் காதலும் ஒரே அட்டைக்குள் எப்போது வந்தன என்று அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

கைக்கு முதலில் எட்டியது ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’. 1908இல் வந்தது, 1935லும் 1951லும் படமானது. காதலன் கொலைப்பழியில் சிக்குகிறான். துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கிறார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இதே தடத்தில் ஏராளமாக எழுதினார். ஆங்கிலேயர் ரெனால்ட்ஸின் நாவல்களைத் தழுவி எழுதும் வழக்கம் அன்று இருந்ததால், இந்த வகையே இறக்குமதிச் சரக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தக் கதைகளில் ஆபத்து வெளியே இருந்து வருகிறது. காதலர் இருவரும் நல்லவர்கள். அக்காவின் ‘சேருவாகளா’வுக்குள் இருந்த பதற்றமோ, இவனை நம்பலாமா என்பது.

அந்தப் பதற்றத்தின் வேர் குண்டலகேசியில் கிடைத்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, நாதகுத்தனார் இயற்றியது, நமக்கு எஞ்சியவை 19 பாடல்கள்தான். கதையை நீலகேசி என்ற சமண நூலின் உரை காப்பாற்றி வைத்திருக்கிறது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனை மாடத்திலிருந்து பார்த்துக் காதல் கொள்கிறாள் வணிகன் மகள் பத்திரை. தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். ஒருநாள் ஊடலில், விளையாட்டாக, “நீ கள்வன் அல்லவா” என்கிறாள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைத்துவிடுகிறது. ஆசையாகப் பேசி மலையுச்சிக்கு அழைத்துப் போய், உன்னைக் கொல்லப் போகிறேன் என்கிறான். கணவனை வலம் வந்து வணங்கிவிட்டுச் சாகிறேன் என்று கேட்கிறாள் அவள். வலம் வருபவள் அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறாள், தள்ளிவிடுகிறாள்.

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. மனைவியின் பணிவென்று ஊர் மெச்சும் ஒரு சடங்கையே அவள் உயிர்காக்கும் உபாயமாக்குகிறாள். பொருந்தாத ஜோடி, உள்ளே ஒளிந்திருக்கும் கொலை, கடைசி நொடித் திருப்பம் எல்லாம் அங்கே இருக்கின்றன. 1950இல் கலைஞரின் வசனத்தில் வந்த ‘மந்திரி குமாரி’ எடுத்துக்கொண்டதும் இந்த மலையுச்சியைத்தான்.

பெற்றோர் பார்த்தாலும் தானே தேர்ந்தாலும், முன்பின் வாழ்ந்தறியாத ஒருவனோடு வீடு புகும் பெண்ணுக்கு, இவனை நம்பலாமா என்பது கற்பனைப் பயமல்ல. அதைக் கதையில் பத்திரமாக அனுபவித்துப் பார்க்கவே இந்தப் புத்தகங்கள் கைமாறி வந்தன என்று நினைக்கிறேன். ரமணிசந்திரனின் சந்தேகமும் சண்டையுமான ஜோடிகளை லட்சம் பெண்கள் படித்ததும் வேறெதற்கு?

இராஜாம்பாளுக்கு ஒரு கோவிந்தன் தேவைப்பட்டார். பத்திரைக்கு யாரும் தேவைப்படவில்லை. தப்பியவள் துறவியாகி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து வென்றாள். வாசகம் எழுதிய டி-ஷர்ட்டோடு பரத்துக்குச் சமமாகத் துப்பறியக் கிளம்பிய சுசீலாவை நான் இவள் வம்சத்தில்தான் சேர்ப்பேன்.