ஒரு வேலை தெரிஞ்ச மெஷின்

"ரோபோ கை ஒண்டு வாங்கினா எல்லாம் செய்யும்." பயிற்சிக்குப் போன சோடா கம்பனியில் முதல் நாளே சொன்னேன்.

மேற்பார்வையாளர் அண்ணை சிரிச்சார். "இந்த மெஷின் போடுற மூடியளை எண்ணிப் பாரும் தம்பி."

எண்ண முடியேல்லை. பல தலைகள் சுற்றிச் சுற்றி மூடுகின்றன. ரோபோ கை ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். ஆனால் போத்தல் மாறினால் மெஷினின் பாகங்களையே மாற்ற வேண்டும்.

பெட்டி அடுக்கும் இடம் வேறு. அளவு அடிக்கடி மாறும், பாரமும் கூட. அங்கே ரோபோதான் சரி. 1961இல் ஜெனரல் மோட்டர்ஸில் வேலைக்கு வந்த யுனிமேட்டும் சூடான வார்ப்புகளைத்தான் தூக்கியது. அப்படியே அறிக்கை எழுதினேன்.

பெட்டி அடுக்குற அக்கா கேட்டா: "நல்லம், என்ர நாரிநோ போகும். வேலையும் போகுமோ?"

அதுக்கு என் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அண்டிரவே சேர்த்தேன்: ரோபோவை ஓட்ட அக்காவைப் பழக்க வேண்டும்.