பழைய சாமான், விலை ரூ. 500

லாரி பார்சல் ஆபீஸில் தரும் ரசீதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அனுப்புநர், பெறுநர், எடை, கட்டணம் என்று வரிசையாகக் கட்டங்கள். நடுவில் 'பொருளின் மதிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். புது மிக்ஸி அனுப்புகிறவருக்கு அதில் சிக்கல் இல்லை; கடை பில்லில் உள்ள தொகையை எழுதிவிடலாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ரேடியோவுக்கோ தையல் மிஷினுக்கோ மேஜை மின்விசிறிக்கோ என்ன எழுதுவது? பெரும்பாலும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்தான் அதை முடிவு செய்கிறார். "பழசுதானே சார், ஐந்நூறுன்னு போட்டுக்கறேன்."

இந்த ஐந்நூறு ரூபாய் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பதைச் சென்ற ஆண்டு தெரிந்துகொண்டேன்.

மதுரையில் மாமா பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு பிளாட்டுக்குப் போனார். திருவனந்தபுரத்தில் என்னோடு இருக்கும் அம்மாவிடம், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று போனில் கேட்டார். தேக்குக் கட்டில் இருந்தது, பித்தளை அண்டா இருந்தது. அம்மா கேட்டது ரேடியோவை. "அது பாடி இருபது வருஷம் ஆச்சேம்மா" என்றார் மாமா. "பாடாட்டா என்ன அண்ணே, அனுப்புங்க" என்றாள் அம்மா.

அது பாட்டாவின் ரேடியோ. நாஞ்சில் நாட்டு வழக்கப்படி தாத்தாவை நாங்கள் பாட்டா என்போம். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1958-ல் வாங்கிய ஐந்து வால்வு மர்பி. பழுப்பு நிற பேக்கலைட் கூடு. லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம். வீட்டில் கொழும்பும் ஒலித்தது, திருச்சியும் ஒலித்தது. ஆனால் பகலில் தெளிவாகக் கிடைத்தது பக்கத்திலிருந்த திருவனந்தபுரம்தான்.

திருவனந்தபுரம் நிலையம் 1943 மார்ச் 12-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானொலியாகத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1-ல் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, ஒலி அலைகள் நகரவில்லை. தமிழ்நாட்டுச் சிறுமியாகிவிட்ட அம்மா பள்ளிவிட்டு வந்து மலையாளச் செய்தியும் நாடகமும் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே காது வழியாக அந்த மொழி வந்தது. பிற்பாடு எனக்கு அவள் கற்றுக் கொடுத்தாள். எம்.ஏ. தமிழ் படித்த நான் இன்று மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன் என்றால், அதன் தொடக்கம் அந்தப் பெட்டிதான்.

டயல் கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. அதில் திருவனந்தபுரம் கிடையாது. முள் நிற்க வேண்டிய இடத்தில் பாட்டா ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, மையினால் 'திரு' என்று எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்தத் துண்டு என்றே நினைக்கிறேன்.

நான்காம் நாள், சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்சல் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது. திறந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் 'ஒப்பு', பிறகு பெட்டி என்றார் அங்கிருந்தவர். மலையாளத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது ஒப்புதல் என்றே கேட்கும். இரண்டு மொழியிலும் அர்த்தம் கடைசியில் ஒன்றாகவே முடிகிறது: ஒப்பிட்டவர் ஒப்புக்கொண்டவர். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அவர்கள் முன்னிலையிலேயே பெட்டியைப் பிரித்தோம்.

கூட்டின் முன்பக்கம் மூலையிலிருந்து மூலைவரை விரிசல். இரண்டு வால்வுகள் தூள். டயல் கண்ணாடி மூன்று துண்டு. நடுத் துண்டில் 'திரு' பத்திரமாக இருந்தது. ரசீதின் எங்கள் பிரதியிலும் அவர்கள் பிரதியிலும் சேதத்தை எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

கரமனைப் பக்கம் பழைய ரேடியோ பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பெட்டியைப் பார்த்ததுமே, "இது குலுங்கி உடைஞ்சதில்ல, மூலை குத்தி விழுந்திருக்கு" என்றார். அவர் விளக்கிய பிறகு எனக்கும் புரிந்தது. வால்வு ரேடியோவின் கனமெல்லாம் உள்ளே இரும்புத் தகட்டுச் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. சேஸிஸைக் கூட்டோடு பிடித்திருப்பவை நாலைந்து திருகுகளும் ரப்பர் வளையங்களும். அந்த ரப்பர் அறுபது வருஷத்தில் கல்லாகிவிடும். பெட்டி விழும்போது கூடு தரையில் நின்றுவிடுகிறது, சேஸிஸ் நிற்பதில்லை. அது முன்னால் பாய்ந்து கண்ணாடியை இடிக்கிறது. பேக்கலைட் 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பொருள். சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் வளையத் தெரியாது. ஒருமுறை இறுகிய பிறகு உருக்கி ஒட்டவும் முடியாது. எங்கள் பெட்டியில் மாமா வெளியே பழைய செய்தித்தாளை நன்றாகத் திணித்திருந்தார். இடி வந்தது உள்ளேயிருந்து.

இந்தக் கவலை உலகத்துக்குப் புதிதல்ல. எனாமல் பூசிய வீட்டுச் சாதனங்கள் வழியிலேயே சிதைவதைப் பார்த்து, அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1948-ல் பாதுகாப்பான போக்குவரத்துக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். இன்று அது 'இஸ்டா' என்ற சர்வதேச அமைப்பு. அதன் அடிப்படைப் பரிசோதனை ஒன்றில் பெட்டியைப் பத்து முறை கீழே போடுகிறார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். பத்து கிலோவுக்கு உட்பட்ட பெட்டி என்றால் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. அதாவது ஒரு மேஜை உயரம். பெட்டி விழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும் என்பது இதன் பொருள். 'கண்ணாடி, கவனம்' என்ற சீட்டு படிக்கத் தெரிந்தவருக்கு. விழுகிற பெட்டி படிப்பதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சரக்கு ஏற்றிச் செல்கிறவர்களின் பொறுப்பு பற்றி நம் நாட்டில் 1865-லேயே சட்டம் இருந்தது. பிர்லா யமஹாவின் ஜெனரேட்டர்கள் பட்டேல் ரோட்வேஸ் கிடங்கில் தீக்கிரையான வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சரக்கை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு கிட்டத்தட்ட காப்பீடு தந்தவரின் பொறுப்பைப் போன்றது, அவருடைய கவனக்குறைவைச் சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை, நுகர்வோர் மன்றங்களிலும் இது பொருந்தும். படித்தபோது மனம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007-ல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குச் சட்டம் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்பை ஏற்கச் செய்யாவிட்டால், செலுத்திய கட்டணத்தைப் போலப் பத்து மடங்குதான். அதுவும் ரசீதில் எழுதிய மதிப்பைத் தாண்டக் கூடாது. மாமா கட்டிய கட்டணம் 290 ரூபாய். பத்து மடங்கு 2,900. ரசீதில் எழுதிய மதிப்போ 500. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"ரசீதில் யாரோ எழுதினதுக்கு நாம என்ன செய்ய?" என்று மாமா போனில் கொதித்தார். கீழே கையெழுத்து அவருடையது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் 1990-ல் ஜெர்மனிக்கு கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. நாலு லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்றார்கள். கூரியர் சீட்டின் நிபந்தனையிலோ பொறுப்பு 100 டாலர் வரைதான். கையெழுத்திட்டவர் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த 100 டாலரையே உறுதி செய்தது. பெரிய வியாபாரிகளின் வழக்கிலேயே நிலைமை இது.

இருந்தாலும் அனுப்ப வேண்டிய நோட்டீஸை அனுப்பினேன். பார்சல் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 500 ரூபாய் தருகிறோம், இணைத்துள்ள கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். 'மேற்படி பொருளின் முழு மதிப்பாகிய ரூ. 500 பெற்றுக்கொண்டேன்.'

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசை வாங்கிக்கோ. ஆனா அதுதான் அதோட மதிப்புன்னு நீ எழுதிக் குடுக்காதே" என்றாள்.

வாழ்நாளில் எத்தனையோ பக்கங்கள் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு வரிக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை. 'பொருளின் முழு மதிப்பு' என்பதை அடித்துவிட்டு 'ரசீதில் கண்ட தொகை' என்று திருத்தி அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் அப்படியே அனுப்பினேன். மூன்றாம் முறை பணம் வந்தது. சட்டப்படி இதனால் ஒரு பைசா கூடவில்லை. அம்மாவுக்கு வழக்கு அத்தோடு ஜெயித்துவிட்டது.

மெக்கானிக்குக்கு ஆன செலவு 4,300 ரூபாய். ஒரு வால்வு அவரிடமே வேறொரு செத்த ரேடியோவில் இருந்தது. இன்னொன்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது. விரிசலை எபாக்ஸி பசையால் ஒட்டினார். கோடு தெரியத்தான் செய்கிறது. மாமா கட்டுவதற்கு முன் எடுத்த படத்தை வைத்து, போர்டு எழுதும் கடையில் அக்ரிலிக்கில் புது டயல் செய்தோம். பாட்டாவின் காகிதத்தைப் பெயர்த்து அதில் ஒட்டலாமா என்று கேட்டேன். "அவரு ஒட்டின கண்ணாடியிலேயே இருக்கட்டும்" என்று, உடைந்த துண்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டாள்.

பழைய சாதனம் அனுப்பப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உள்ளே ஆடுகிற கனத்தை முதலில் அடக்குங்கள். வால்வுகளை எந்த இடத்து வால்வு என்று குறித்துக் கழற்றித் தனியே சுற்றுங்கள். சேஸிஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெத்தென்ற தடுப்பு வையுங்கள். தையல் மிஷினாக இருந்தால் தலையை மேஜையிலிருந்து கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள்; வார்ப்பிரும்பும் விழுந்தால் உடையும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது பஞ்சோ தெர்மோகோலோ நிரப்புங்கள். கட்டும்போதே படம் எடுங்கள்.

பெறுபவர் பெட்டி நசுங்கியிருந்தால் திறந்து பார்த்தே வாங்க வேண்டும். ரயில் பார்சலில் இதை 'ஓப்பன் டெலிவரி' என்பார்கள். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. ரயில்வேக்கு இழப்பீட்டு நோட்டீஸ் கொடுக்க ஆறு மாதக் கெடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. சிறு தொகைகளுக்குக் கட்டணமும் இல்லை. அடிபட்டு வந்த ரேடியோவை, பாடுகிறதா பார்ப்போம் என்று உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சில மாடல்களில் சேஸிஸையே தொடக் கூடாது.

இத்தனை செய்தாலும் அந்தச் சின்னக் கட்டம் பாக்கியிருக்கிறது. பழைய பொருளுக்கு பில் இல்லை என்பதால் மதிப்பு இல்லை என்றாகிவிடாது. சரி செய்ய என்ன செலவாகும், அதே மாதிரி ஒன்று வாங்க என்ன கேட்கிறார்கள் என்று ஒரு மெக்கானிக்கிடமோ பழம்பொருள் வியாபாரியிடமோ எழுதி வாங்கலாம். அந்தத் தொகையை ரசீதில் எழுதச் சொல்லி, கேட்கிற கூடுதல் கட்டணத்தைக் கட்டலாம். பத்தாயிரம் என்று எழுதிய பெட்டியை கவுன்ட்டரில் வாங்குகிற கையும் கொஞ்சம் கவனமாகவே வாங்கும். நினைவுக்கு எந்த ரசீதிலும் கட்டம் கிடையாது. பொருளுக்காவது சரியான விலையை எழுதிவிடுவது நம் கையில் இருக்கிறது.

போன மாதம் மாமா மகள் பேசினாள். அத்தை தைத்துக்கொண்டிருந்த உஷா மிஷினைப் பெங்களூருக்குத் தன் வீட்டுக்கு அனுப்பப் போகிறாளாம். தலையைத் தனியாகக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா போனைக் கேட்டு வாங்கினாள். "அங்க இருக்க பையன் ஐந்நூறுன்னு எழுதுவான். நீ விடாதே, என்ன?" என்றாள்.