பிளாஸ்க்குக்கு ஏற்ற வண்டி

கோழிக்கு ராத்திரியில்தான் ஊசி போட வேண்டும். பகலில் புது ஆள் கொட்டாய்க்குள் நுழைந்தாலே எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. தூக்கினால் பேசாமல் கைக்கு வரும். நீல வெளிச்சத்திலும் அதற்குச் சரியாகத் தெரியாது என்பதால் அப்பா தன் மூன்று கட்டை டார்ச்சின் முகத்தில் நீலக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். கால்நடை மருந்தகத்தில் அவர் கம்பவுண்டர். ஊருக்கு அவர்தான் டாக்டர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1997இல். மானாவாரிக் காட்டில் கடலையும் சோளமும் போட்டு மழையிடம் ஏமாந்தவர்கள் கோழிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்து, விலையை வியாபாரி சொன்ன காலம் போய்ப் பண்ணைக்காரர்களே சொல்லத் தொடங்கியதும் காட்டுக்குக் காடு கொட்டாய் எழும்பியது. மார்கழியில் பகல் குறுகும். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்ளும். அதற்காகக் கொட்டாய்களில் பல்பு எரிய விடுவார்கள். புதுச்சத்திரம் பக்கம் ராத்திரி மேட்டில் நின்று பார்த்தால் அங்கங்கே ரயில் நிற்கிற மாதிரி இருக்கும்.

வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் சில நாளில் கொட்டாயே காலியாகிவிடும். தடுப்பு மருந்து ராணிப்பேட்டையிலிருந்து வரும்; 1932லிருந்து அங்கே அரசு நிலையத்தில் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கிறார்கள். சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிக்குள் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு பட்டால் வீண். கலக்கிய பிறகு ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஆகவே எங்கே போனாலும் ஐஸ் போட்ட பிளாஸ்க். மார்கழியில் சர்பத் கடைகள் ஐஸ் வைப்பதில்லை. பல் கிட்டுகிற குளிரில் நாமக்கல் ஐஸ் பேக்டரி வாசலில் போய் நிற்கிற ஒரே ஆள் எங்கப்பாவாகத்தான் இருந்திருப்பார்.

பிளாஸ்க்குக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குடுவை. சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் இட்டேரிக் குழியில் சக்கரம் இறங்கும்போது 'சலக்'கென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், மூடியைத் திறந்தால் ஐஸோடு ஐஸாக வெள்ளிச் சில்லுகள் மினுங்கும். அதற்கப்புறம்தான் என்னைக் கேரியரில் உட்கார வைத்து, துண்டில் சுற்றிய பிளாஸ்க்கை மடியில் கொடுத்தார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும். "கண்ணு, தூங்கிப்போடாத. தூக்கம் வந்தா சொல்லு, எறங்கி நடக்கலாம்" என்பார் அப்பா.

சைக்கிள் தாங்காது, மோட்டார் வண்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஆனபோது திண்ணையில் மாநாடே கூடிற்று. மாமா லாரிப் பட்டறையில் இருந்தவர். "மச்சான், வாங்கினா புல்லட்டுங்க. ராத்திரியில லைட்டு பாருங்க, ரோடு கடலாட்டம் தெரியும்" என்றார். எதிர்வீட்டு வாத்தியார் ராஜ்தூத் பக்கம். எஸ்டி வைத்திருந்த மைனர் ஒருவர் எஸ்டியைத் தவிர மற்றதெல்லாம் வண்டியே இல்லை என்று எழுந்து போனார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: தவிட்டு மூட்டையை எங்கே வைப்பது?

அப்பா யார் பேச்சையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியையும் ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கினார். புல்லட்டில் போன ராத்திரி எனக்கு ராஜ வாழ்க்கை. ஹெட்லைட் மேல் இருந்த அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து மாமா உதைத்ததையும், ஸ்டார்ட் ஆனதும் தெரு நாய்கள் எழுந்து வழிவிட்டதையும் இப்போதும் சொல்வேன். ஆனால் தார் ரோட்டை விட்டு வரப்பில் ஏறியதும் அத்தனை கனத்தை வாய்க்கால் தாண்ட வைக்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. அது வண்டியின் குற்றமில்லை. வரப்பை யாரும் புல்லட்டுக்காகப் போடவில்லை. கொட்டாயை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் வேறு உள்ளே பெரிய கலவரத்தையே கிளப்பிவிட்டது. பண்ணைக்காரர் வெளியே ஓடிவந்து, "ஏனுங்க டாக்டரு, ஊசி போட வந்தீங்களா, கோழியைக் கொல்ல வந்தீங்களா?" என்றார். ராஜ்தூத்துக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதை.

கடைசியில் வந்தது டிவிஎஸ் 50. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த, இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும் முதல் மொபெட். மாமா ரெண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. லாரிக்காரர்கள் நிறைந்த சொந்தத்தில் ஐம்பது சிசி வண்டி வாங்குவது கொஞ்சம் மானப் பிரச்சினைதான். அப்பா பார்த்தது இரண்டே விஷயம். முன்னால் காலுக்கு நடுவே இருந்த காலி இடம்: தவிட்டு மூட்டையும் அங்கே, சில நாள் நானும் அங்கே. அடுத்தது பெடல். கொட்டாய்க்கு ஒரு பர்லாங் முன்னாலேயே என்ஜினை நிறுத்திவிட்டு மிதித்துக்கொண்டே போய்விடலாம். இன்றைக்கு வண்டி விளம்பரங்கள் மலைக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி என்று கூவுவதைப் பார்க்கும்போதெல்லாம், கோழி தூங்கும்போது சத்தமில்லாமல் போகுமா என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று தோன்றும்.

வெளிச்சம்தான் சோதனை. பேட்டரி கிடையாது, அந்தக் கால மொபெட்டுகளுக்கெல்லாம் மேக்னட்டோதான். என்ஜின் வேகமாகச் சுற்றினால் விளக்கு பளிச்சென்று எரியும், வேகம் குறைந்தால் மஞ்சளாகச் சுருங்கும். பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பள்ளத்தைப் பார்க்கத்தான் வெளிச்சமும் வேண்டும். அப்பா சைக்கிள் டியூபை வாராக அறுத்து, தாள் சுற்றாத இன்னொரு டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டார். அப்போது ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்த சேலம் ரோட்டில் எதிரே லாரி வந்தால் அந்த வெளிச்சமும் செல்லாது. எல்லாம் கரைந்து வெள்ளையாகிவிடும். "எதுக்க வர்ற லைட்டப் பாக்காத. எடது கைப்பக்கம் புளியமரத்துப் பட்டைய மட்டும் பாரு" என்பார். மரங்களில் அடித்திருந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று எங்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குளிருக்கு அப்பாவின் மருந்து நேற்றைய தினத்தந்தி. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே விரித்து வைத்துக்கொண்டால் காற்று உள்ளே வராது. மூச்சு விடும்போதெல்லாம் மொறமொறவென்று சத்தம் கேட்கும். தலைக்கு மப்ளர். எங்கள் சமவெளியில் பெரிய குளிர் என்று சொல்ல முடியாது, ஏற்காட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஓடைப் பள்ளங்களில் வண்டி இறங்கும்போது குளிர்காற்று அங்கேயே தேங்கிக் கிடப்பது முழங்காலில் தெரியும். மேடு ஏறினால் விட்டுவிடும். இருட்டில் எந்த ஊர் என்பதை நான் மூக்கால் கண்டுபிடிப்பேன். ராசிபுரம் பக்கம் என்றால் சேகோ பேக்டரி. அரைத்த குச்சிக்கிழங்குப் பால் தொட்டியில் புளிக்கும் நெடி அடிநாக்கு வரை இறங்கும், அதோடு ஒரு மாதிரி ஈரம். பொங்கல் நெருங்கிவிட்டால் வெல்ல ஆலை. கொப்பரை கொதிக்கிற இடத்தைத் தாண்டும்போது கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் சூடு படும். அப்பாவும் கொஞ்சம் மெதுவாகவே தாண்டுவார். நின்றால் ஆலைக்காரர் பூவரச இலையில் பாகு ஊற்றிக் கொடுப்பார். மருந்து காத்திருக்கிறதே என்று பெரும்பாலும் நிற்கமாட்டோம்.

கொட்டாய் வந்ததும் டார்ச்சும் அணையும். சாக்குப் படுதாவை ஒதுக்கி உள்ளே நுழைந்தால் எச்ச நெடியும் கோழிச் சூடும் முகத்தில் அடிக்கும். ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்ட, அப்பா இறக்கையைத் தூக்கித் தோலடியில் குத்திவிட்டு அடுத்ததுக்குப் போவார். பிளாஸ்க் மூடியைத் திறந்து மூடுவது என் பொறுப்பு. அந்த இருட்டில் எனக்கும் ஒரு உத்தியோகம்.

தொண்ணூறுகளில் பெரிய பண்ணைகள் வந்தன. சொந்த டாக்டர், சொந்த ஜீப்; கண்ணாடி பிளாஸ்க் போய்த் தெர்மாகோல் பெட்டி வந்தது. அப்பாவைக் கூப்பிடுவது குறைந்தது. வண்டியை எங்கள் பால்காரர் வாங்கிக்கொண்டார். ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிடக் காலுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பெடல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சும்மா கால் வைக்க இரும்புக் கட்டை பொருத்திக்கொண்டார். அடுத்த நாள் பால் ஊற்ற வந்தவரிடம் அப்பா, "அதுலயே அது ஒண்ணுதான் உருப்படியா இருந்துது, அதையும் கழட்டிப்போட்டயா?" என்று கேட்டுவிட்டு, பால் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.