காவலனின் மறதி

நிலாக் காலங்களில் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் வெறுவளவுகளிலும் ஆடப்பட்டு வந்த கிளித்தட்டின் நுட்பம், காவலை ஏய்த்துக் கடப்பதிலேயே தங்கியுள்ளது. குறுக்குக் கோடுகளை ஒவ்வொருவர் மறிக்க, நடுக்கோட்டில் கிளி ஓடித்திரிய, எதிரணியினர் தொடுகைக்கு அகப்படாது தட்டுகளைக் கடந்து மீளல் வேண்டும். வலியவனிலும் பார்க்க, மறிப்பவனது கண் எத்திசையிலுள்ளது என அறிந்தவனுக்கே இவ்வாட்டம் வாய்க்கும்.

இதே நுட்பத்தின்மீது எழுந்ததே, 1998 இல் யப்பானின் கொனாமி நிறுவனம் ஹிடியோ கொஜிமாவின் நெறியாள்கையில் வெளியிட்ட ‘மெற்றல் கியர் சொலிட்’ என்னும் வீடியோ விளையாட்டு. அலாஸ்காவை அண்டிய தீவொன்றிலுள்ள படைத்தளத்துள் ஒருவன் தனியே நுழைகிறான். சுடத் தெரிதலினும் பொறுத்திருக்கத் தெரிதலே அவனுக்குத் துணை. பனியிற் பதிந்த காலடிகளைக் காவலர் தொடர்வர். சுவரைத் தட்டினால் ஒலி வந்த திசை நோக்கி வருவர். அட்டைப் பெட்டிக்குள் ஒளிந்திருத்தலும் உண்டு. வேடிக்கையாயினும் உள்ளிருப்பவனுக்கு நெஞ்சு படபடக்கவே செய்யும்.

குறைகளும் உள. உரையாடல்கள் மிக நீண்டவை. திரையின் மூலையிலுள்ள ராடார் காவலரின் பார்வை வீச்சைக் காட்டிவிடுவதால், ஆடுபவனது கண் இடத்தை விட்டு அம்மூலையிலேயே நிலைக்கிறது. ஆயினும் பெருங்குறை காவலரின் மறதியே. அபாய ஒலி எழுந்தபின் சற்றுநேரம் ஒளிந்திருந்தாற் போதும். திரையிலோடும் எண் பூச்சியமானதும் அவர்கள் எதுவும் நிகழாதவர்போலத் தம் பாதைக்கு மீள்வர். வீழ்ந்த தோழனின் உடலும் மறைந்துவிடும். அவனைத் தேடுவார் இல்லை. கிளித்தட்டிலோ, இடம் காட்டி வலம் புகுந்தவனை மறித்தவன் மறப்பதில்லை. அடுத்த முறை அவனது தோளசைவுக்காகவே காத்து நிற்பான்.

அதே 1998 இல் குடாநாட்டின் சந்திகளில் மெய்யான காவலரண்கள் நின்றன. அவற்றைக் கடந்து பாடசாலைக்கும் சந்தைக்கும் சென்றோர் ஒளிந்து செல்லவில்லை. அடையாள அட்டையைக் கையிற் பிடித்து, நன்கு தெரியும்படியே நடந்தனர். ஒளிதல்தான் அங்கு ஆபத்து. ஒருவன்மீது விழுந்த ஐயம் எந்த எண் பூச்சியமானதும் நீங்கிற்று? அந்நடையை அறிந்தவர்க்கு, இவ்வாட்டத்தின் மறதி ஆறுதலாகவும் பொய்யாகவும் ஒருங்கே தோன்றுதல் இயல்பே.

ஆக்கியோரும் இக்குறையை உணர்ந்தனர் போலும். 2001 இல் வந்த இரண்டாம் பாகத்தில் உடல்கள் மறைவதில்லை. காவலனிடமிருந்து வானொலித் தகவல் வராதுவிடின் தேடுவோர் வருவர். 2004 இல் வந்த மூன்றாம் பாகத்தில் இறுதிக்கு முன்னர் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அதுவரை கொல்லப்பட்டோர் யாவரும் ஆவியுருவில் அவ்வாற்றில் எதிரே நடந்து வருவர். இயன்றவரை எவரையும் கொல்லாது வந்தவனுக்கு அங்கு எதிர்ப்படுவோர் மிகச் சிலரே.