மானத்துக்கு இட்ட தூண்டில்

கடிதங்களோடு வாழ்ந்தவன் நான். திருகோணமலையிலே முப்பத்திரண்டு ஆண்டுகள் தபாற் கந்தோரில் உத்தியோகம் பார்த்தேன். முகவரி பிழைத்த கடிதத்தையும், முத்திரை குறைந்த கடிதத்தையும் கண்ட மாத்திரத்தே பிரித்து வைத்த கை இது. அத்தகைய நான், எழுபதாவது வயதில் ஒரு பொய்க் கடிதத்திடம் தோற்றுப் போனேன். வெட்கமென்று மூடி வைப்பதிலும், சொல்லிவிட்டால் நாலு பேருக்குப் பயன்படும் என்றெண்ணியே இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் இத்துறைமுகத்திலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞர். 1957ஆம் ஆண்டில் அத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை அங்கேயே பணி புரிந்தார். முத்திரை சேர்ப்பதில் அவருக்குத் தீராத பித்து. குப்பைக் கூடைக்குப் போகவிருந்த உறையைக்கூட மேலதிகாரியிடம் கேட்டு, அனுமதி பெற்ற பின்னரே வீட்டுக்குக் கொண்டு வருவார். கேளாமல் எடுத்தால் காகிதமும் களவுதான் என்பார். யுத்த காலத்துத் தணிக்கைக் குறி பதிந்த உறைகள் ஒரு தகரப் பெட்டி நிறைய எனக்கு எஞ்சின.

ஓய்வு பெற்ற பின் அவற்றில் இரட்டைப்பட்டவற்றை இணையத்தில் ஏலத்துக்கு விடலானேன். இவ்வகை வியாபாரத்தை உலகறியச் செய்த ‘ஈபே’ தளத்தை 1995இல் அமெரிக்காவிலே பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கினார். உடைந்துபோன லேசர் சுட்டுகோல் ஒன்றே அங்கு முதலில் விலைப்பட்டது, விலை 14.83 டொலர். முகமறியாதவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புவது? அதற்காகவே மறு ஆண்டில், வாங்கியவரும் விற்றவரும் பரஸ்பரம் நற்சான்று எழுதும் முறை வந்தது. அதைப் பின்பற்றிய வேறொரு தளத்திலே நானும் ஏழாண்டுகளாக நற்சான்று சேர்த்து வந்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிற்க. சென்ற மார்கழியில் ஒரு மழை இரவு. உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்தபடி மின்னஞ்சலைத் திறந்தேன். “பணம் அனுப்பி மூன்று வாரமாயிற்று, பொருள் வரவில்லை. நீர் ஓர் ஏமாற்றுக்காரர். இன்றிரவுக்குள் பதில் இல்லையேல் பொலிஸில் முறையிடுவேன்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ‘பதிலளிக்க’ என்றொரு பொத்தான். நெஞ்சு படபடக்க அதனை அழுத்தினேன். பழகிய பக்கம் போன்ற ஒன்று தோன்றிப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. கொடுத்தேன். பின்பு ஒன்றும் நிகழவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கமும் இல்லை.

மறுநாட் காலை, விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மப்பா, எந்த உறை, எந்தத் திகதி வாங்கினது எண்டு அதில இருந்ததா?”

“இல்லைப் பிள்ளை.”

“பேந்து ஏன் நம்பினீங்கள்?”

ஏமாற்றுக்காரர் என்ற சொல்லைக் கண்டதும் மற்றெதுவும் என் கண்ணில் படவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்!

அவள் என் கணக்கைத் திறந்தாள். மூன்று விலையுயர்ந்த கமராக்கள் என் பெயரில் விற்பனைக்கு நின்றன. கமரா ஒன்றை நான் சொந்தமாக வைத்திருந்ததே இல்லை. அவற்றுள் ஒன்றுக்கு அந்நிய தேசத்தவர் ஒருவர், திருடன் குறித்த வங்கிக் கணக்குக்குப் பணத்தையும் அனுப்பிவிட்டார். என் ஏழாண்டு நற்பெயரைப் பார்த்தல்லவா அவர் நம்பினார்!

உடனே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலிலும், தளத்தின் கடவுச்சொல்லை அடுத்தும் மாற்றினோம். கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது குறியீடு இன்றி எவரும் உள்ளே புகாதபடி செய்தோம். தளத்தாருக்கு அறிவித்து, பொலிஸிலும் முறைப்பாடு கொடுத்தோம். இத்தகைய குற்றங்களுக்கென நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

பின்பு பேத்தி அப்பொய்ப் பக்கத்தின் முகவரியைக் காட்டினாள். நான் அறிந்த தளத்தின் பெயர் முதலில் நின்றது. அதற்குப் பின்னால், ஒரு புள்ளி தாண்டி, அறியாத பெயர் ஒன்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. மட்டக்களப்பிலே திருகோணமலை வீதி என்று ஒரு வீதி உண்டு. அம்முகவரிக்கு எழுதிய கடிதம் திருகோணமலைக்கு வராது, மட்டக்களப்புக்கே போகும். இணைய முகவரியும் அவ்வாறே. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அடுத்த சாய்கோடு வரை வாசியுங்கள். ‘டொட் கொம்’ முதலிய ஈற்றோடு ஒட்டிக் கடைசியில் நிற்கும் பெயரே ஊர். அதற்கு முன் நிற்பவை வெறும் வீதிப் பெயர்கள். பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னமோ, வழியில் எவரும் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்பதற்கே சாட்சி. பெறுபவன் யோக்கியன் என்பதற்கு அன்று. அனுப்பியவர் பெயரும் அப்படித்தான். உறையின் பின்புறத்தில் எவரும் எப்பெயரையும் எழுதலாமே!

ஆயினும், எல்லாவற்றிலும் எளிய காப்பு ஒன்றுண்டு. கடிதம் காட்டும் வாசலால் உள்ளே போகாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டி, உங்கள் கணக்கில் உள்ள செய்திப் பெட்டியைப் பாருங்கள். வாங்கியவர் உண்மையிலே கேட்டிருந்தால் அங்கேயும் அது இருக்கும். “பணம் கட்டியாயிற்று, பொருளை அனுப்பினால் விடுவிப்போம்” என்று வரும் கடிதத்துக்கும் இதுவே மருந்து. பணம் உங்கள் கணக்கில் தெரிந்தால்தான் பணம். “கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்புங்கள்” என்றாலும் அங்கேயே பாருங்கள். பழைய தளபாடத்தைக் கைத்தொலைபேசியில் விற்பவரிடம், பணம் அனுப்புவதாகச் சொல்லி அட்டை இலக்கத்தையும் ஒருமுறைக் குறியீட்டையும் கேட்பவர்களும் உளர். பணம் பெறுவதற்கு அக்குறியீடு வேண்டியதே இல்லை.

இத்திருட்டுக்கு ஆங்கிலத்திலே ‘பிஷிங்’ என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லைச் சற்றே எழுத்து மாற்றி, 1990களின் நடுவிலே பிறருடைய கடவுச்சொற்களைத் திருடியவர்கள் வழங்கிய பெயர் அது. பேராசைக்காரனே இதில் அகப்படுவான் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. மீனுக்கு மீன் இரை வேறு என்பது கடலோரத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். விற்பவனுக்கு இடும் இரை ஆசையன்று, மானம். கள்ளன் என்ற பழிக்கு அஞ்சுபவனே அதைத் துடைக்க ஓடுகிறான். அந்த ஓட்டத்திலே சாவியைக் கொடுத்துவிடுகிறான். அஞ்சுவது குற்றமன்று, அவசரம்தான் குற்றம். மானமுள்ளவனுக்கு ஓரிரவு பொறுத்துப் பதில் எழுதும் உரிமையும் உண்டு.

பணம் இழந்த அம்மனிதருக்கு, நடந்ததை விளக்கி மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. அதையும் இன்னொரு பொய்க் கடிதம் என்றே அவர் எண்ணியிருக்கக் கூடும். அப்படி எண்ணியிருந்தால், நான் கற்ற பாடத்தை அவரும் கற்றுவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.