சோப்பு டப்பா

ஊரில் எனக்குப் ‘பொது அறிவு’ என்று பெயர். சுரண்டையில் ஒரு மண்டியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். பெருமையெல்லாம் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் வீரகேரளம்புதூரில் நான் நடத்திய வினாடி வினாவில்தான். கேள்வியும் நானே, தீர்ப்பும் நானே.

2005 ஜனவரி 26. ஐந்து நாளைக்கு முன்புதான் ஆஸ்திரேலிய ஓப்பன் மூன்றாவது சுற்றில் சானியா மிர்சா செரீனா வில்லியம்ஸிடம் தோற்றிருந்தார். தோற்றதையே நாடு கொண்டாடிய நேரம் அது. மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் டீக்கடையில் செரீனாவின் சர்வீஸை அலசினார்கள். அந்தச் சூட்டில் நானும் ஒரு கேள்வி தயாரித்தேன்: கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில், ஒற்றையர் ஆட்டத்தில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் யார்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். “நிருபமா வைத்தியநாதன், சார். கோயம்புத்தூர்.”

“தப்பு” என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். மைக் கைக்கு வந்தால் எனக்கு நாக்கு நீளும். “யாரும்மா அது, ஒங்க டீச்சரா?” என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அடுத்த அணி சானியா என்றது, பத்து மார்க். அந்தப் பத்தில்தான் முதல் பரிசான எவர்சில்வர் தூக்குவாளி கைமாறியது. அவளுக்கு ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊத்துமலை ஜமீனின் ஊர் இது. பாட்டுக்குப் பரிசில் கொடுத்த ஊரில் சரியான பதிலுக்கு நான் கொடுத்தது அதுதான்.

மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் வந்து, “லைப்ரரி இயர்புக்ல போட்டிருக்கு சார்” என்றாள். சண்டைக்கு வரவில்லை. தகவல் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் கிளை நூலகத்துக்குப் போனேன். இருந்தது. 1998 ஆஸ்திரேலிய ஓப்பன், முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிச்சினியை நிருபமா வென்றிருக்கிறார். சானியாவுக்கு ஏழு வருஷம் முன்னால்! அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம்.

இதுவரை நடந்தது என் அறியாமை. அடுத்துச் செய்ததைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அந்த இயர்புக்கை என் கார்டில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டபோது தொலைந்துவிட்டதென்று சொல்லி விலையைக் கட்டினேன். புத்தகம் பீரோவில் இருந்தது. இருக்கிறது.

அதன்பிறகு நிருபமா என்ற பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் விடாமல் படித்தேன். அப்பா வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடியவர். மகளுக்கு அவரே பயிற்சியாளர். பிரதானச் சுற்றில் இருப்பவர்கள் 128 பேர். தரவரிசையில் ஏறக்குறைய முதல் நூறு பேருக்குத்தான் அங்கே நேரடி இடம். மற்றவர்கள் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று பேரை வென்று வர வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். தோற்றால் விமான டிக்கெட் காசுகூடத் தேறாது. இவ்வளவையும் தாண்டி வந்த ஒருவரைத்தான் ‘டீச்சரா’ என்று கேட்டிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து எனக்கொரு பிடி கிடைத்தது. சமஸ்கிருதக் கவிஞர் பண்டிதை க்ஷமா ராவின் மகள் லீலா ராவ், 1934லேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டம் ஜெயித்திருக்கிறாராம். அப்படியானால் அந்தப் பிள்ளை சொன்னதும் தப்புதானே! அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது: 1968க்குப் பிந்தைய ஓப்பன் யுகம் என்று கேள்வியில் சொல்லாமல் விட்டவன் நான். அந்தக் கணக்கில் நிருபமாதான் முதல்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல், கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற பிறகு, நிருபமா சஞ்சீவ் என்ற பெயரோடு அவர் தில்லி காமன்வெல்த் போட்டிக்காக மறுபடி களமிறங்கினார். அடுத்த குடியரசு தினத்தில் அதே கேள்வியைக் கேட்டேன், இந்த முறை சரியாக. யாருக்கும் தெரியவில்லை. விடையை நானே சொல்லி, நானே தோண்டியெடுத்த தகவல்போல் ஐந்து நிமிஷம் பேசினேன். கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை வெளியூரில் வேலையில் இருப்பதை முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தேன்.

போன வருஷம் நவநீதகிருஷ்ணசாமி கோயில் வாசலில் அவளே என்னை அடையாளம் கண்டு நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. “இன்னும் குவிஸ் நடத்துதீங்களா சார்?”

“கண்ணு சரியாத் தெரியலம்மா, விட்டுட்டேன்.” கண்புரை பொய்யில்லை.

குழந்தையிடம் திரும்பி, “இந்தத் தாத்தாதான் அம்மாவுக்குச் சோப்பு டப்பா குடுத்தாங்க” என்றாள். பிறகு என்னிடம், “இன்னும் இருக்கு சார். ஊசி, நூல் போட்டு வச்சிருக்கேன்” என்று சிரித்தாள்.

பிள்ளைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.