வாடகை வீட்டு மண்

வைகாசி பிறந்தால் மொன்றியலில் எங்கடை சனத்துக்கு ஒரு அவதி வந்துவிடும். நாலு நாள் வெயில் எறித்தவுடன் மிளகாய்க் கண்டுகளைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு ஓடுகிற அவதி. இங்கத்தைய பிரெஞ்சுக்காரக் கிழவர்கள் அப்படி ஓடமாட்டார்கள். வைகாசி 11, 12, 13 மூன்றும் மாமேர், பங்க்றாஸ், செர்வே என்ற மூன்று புனிதர்களின் நாட்கள். பனிப் புனிதர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் போகுமட்டும் கண்டு நடக்கூடாது என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய நம்பிக்கை. நான் இன்னும் பொறுத்து, 25ஆம் திகதிக்கு முந்திய திங்களோடு வருகிற நீண்ட வார இறுதியில்தான் நடுவேன்.

கோட்-டெ-நெய்ஜில் பின்வளவோடு வாடகை வீடு கிடைப்பது அதிட்டம்தான். மாடிக் கட்டிடங்களில் இருப்பவர்களுக்குப் பல்கனிதான் தோட்டம். இல்லாவிட்டால் 1975இல் தொடங்கின மாநகரத்தின் சமூகத் தோட்டத் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு வாய்த்தது பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் ஒரு துண்டு.

முதல் வேலை, மண்ணைத் தொடாமல் இருப்பது. பனி உருகின ஈரத்தோடு கொத்தினால் கட்டிபட்டு, அந்தப் போகம் முழுக்கக் கல்லாய் நிற்கும். ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பாருங்கள். விரலால் தட்ட உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள்.

அடுத்தது, மண் சுத்தமா என்று பார்ப்பது. பழைய வீடுகளின் சுவரோரம் ஈயம் கலந்த பழைய பெயின்ற் உதிர்ந்து கிடக்கும். 2006, 2007 அளவில் இந்த நகரத்தின் சமூகத் தோட்டங்கள் சிலவற்றிலேயே மண் மாசுபட்டிருப்பதைக் கண்டு உணவுப் பயிரை நிறுத்தினார்கள். அதனால் நான் சுவரை விட்டுத் தள்ளிப் பலகை அடித்து, புது மண்ணும் கூட்டுப்பசளையும் போட்டு, உயரப் பாத்தி கட்டியிருக்கிறேன்.

மிளகாயும் கத்தரியும் பங்குனியிலேயே யன்னலோரம் முளைத்துவிட்டன. முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு கிழமை வெளியில் வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். பாவல் விதையை ஓர் இரவு ஊறப்போட வேண்டும். பயித்தை மண் சூடேறின பிறகு நேரே பாத்தியில் ஊன்றலாம். சிறகவரை ஆசையை விட்டுவிட்டேன். பகல் குறுகினால்தான் அது பூக்கும். இங்கே ஆனியில் பகல் பதினைந்தரை மணித்தியாலம். அது பூத்துக் காய்க்க நினைக்கிற நேரம் ஐப்பசிப் பனி வாசலில் நிற்கும்.

இதெல்லாம் வழமையான வேலை. இந்த வருசம் வழமையில்லாத ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் தன் மகனைக் குடிவைக்கப் போவதாக மார்கழியிலேயே கடிதம் தந்துவிட்டார். ஆனி 30 உடன் நாங்கள் வெளிக்கிட வேண்டும். கியூபெக்கில் ஆடி முதலாம் திகதி ஊரே வீடு மாறுகிற நாள். முந்தி அது வைகாசி முதலாம் திகதியாக இருந்தது, 1970களில்தான் மாறியது. பழைய முறையில் போன வீட்டில் நட்டிருக்கலாம். இப்போது நடுவது ஒரு வீட்டில், காய் பிடுங்குவது வேறொருவர்.

"இஞ்சாருங்கோ, ஆனியோட விட்டிட்டுப் போற வளவை ஏன் கிடந்து கொத்துறியள்?" என்று மனைவி கேட்கிறா. நியாயமான கேள்விதான்.

அப்பா ஊரில் செய்தது குத்தகைத் தோட்டம். 1970க்கும் 77க்கும் இடையில், மிளகாய் வெங்காய இறக்குமதியை இறுக்கியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். அந்தச் செம்பாட்டு மண் ஒருநாளும் அப்பாவின் பேரில் இருந்ததில்லை. என்றாலும் வருசா வருசம் பூவரசங்குழை வெட்டித் தாட்டு, மாட்டெரு போட்டுத்தான் கொத்துவார். அடுத்த வருசம் குத்தகை கிடைக்குமோ தெரியாத வருசங்களிலும் அப்படித்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடினபோது காணிக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே றோட்டால்தான் நடந்தார்கள். உறுதியைப் பெட்டிக்குள் கொண்டு போனவருக்கும் மண் மிஞ்சவில்லை. 2009க்குப் பிறகு அந்தக் காணிகளைத் துண்டு துண்டாகத்தான் விட்டார்கள். போனவர்கள் பற்றை வெட்டி மறுபடி கொத்தினார்கள்.

அதனால் நான் இந்த முறையும் கொத்துகிறேன். முப்பது நாளில் வெட்டக்கூடிய கீரை எங்களுக்கு. மிளகாய் சாடியில், அது எங்களோடு வரும். கத்தரியும் பயித்தையும் வருகிறவர்களுக்கு. பாவலை வேலியோரம் ஊன்றப் போகிறேன். பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அம்மாவுக்குக் காயும் விருப்பம், இலையும் விருப்பம். கொடி அந்தப் பக்கம் படர்ந்தால் பிடுங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஆடி ஒண்டுக்கு வீடு மாறுகிறவர் என்றால் பாத்தியைத் தரிசாக விடாதேயுங்கோ.

போகப்போகிற வீட்டை மாசியில் பார்த்துக் கையெழுத்து வைத்தோம். அப்போது பின்வளவு முழுக்கப் பனிக்குள் கிடந்தது. அங்கே இருக்கிறவர்களும் ஆனியோடு போகிறவர்கள்தான். வளவில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று இனிப் போய்த்தான் பார்க்கவேண்டும்.